ஏர் ஹேமரை சைலன்சர் வெட்டுவதைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள்?

கிரீஸ்கை:

வணக்கம். சொந்தமாகப் பட்டறை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. நானும் ஒரு பையனும்தான். கம்ப்ரஸர் வாங்கிய கையோடு இம்பாக்ட் ரெஞ்ச், ராட்செட், காற்றழுத்தத்தில் படபடவென்று அடிக்கும் ஏர் ஹேமர் என்று மொத்தமாக வாங்கிப் போட்டேன். இம்பாக்ட் ரெஞ்ச் தினமும் ஓடுகிறது. ஏர் ஹேமர் மட்டும் டிராயரில் தூங்குகிறது. மாதத்துக்கு ஒரு தடவை, துருப்பிடித்த சைலன்சர் பைப்பை வெட்ட எடுப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் மறுபடி டிராயருக்குள் போய்விடும்.

அதோடு வந்த பிட்டுகள், அதாவது முனையில் மாட்டும் துண்டுகள், நான்கு: தட்டை உளி, தகடு வெட்டும் உளி, கூம்பு பஞ்ச், சஸ்பென்ஷனில் பந்து போலத் திரும்பும் பால் ஜாயிண்ட்டைக் கழற்றும் கவை. கவையை ஒரே ஒரு முறை போட்டேன். ஜாயிண்ட் கழன்றது, கூடவே ரப்பர் பூட்டும் கிழிந்தது. நல்ல நிலையில் இருந்த ஜாயிண்ட் அது, வேறு வேலைக்காகக் கழற்றியது. கைக்காசைப் போட்டுப் புதிது மாட்டிக் கொடுத்தேன்.

போன வாரம் லாரி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். நான் காலையிலிருந்து ஒரு பிரேக் காலிப்பர் பிராக்கெட் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் டிராயரைத் திறந்து ஏர் ஹேமரை எடுத்தார். கூம்பு பஞ்ச்சின் முனை ஏற்கெனவே மழுங்கித்தான் இருந்தது, அதையே மாட்டினார். போல்ட் தலையில் வைத்து பத்து எண்ணும் நேரம் அடித்தபடி இன்னொரு கையால் ஸ்பேனரை இழுத்தார். கழன்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கருவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெட்டாமலேயே இதை வைத்து இப்படியெல்லாம் வேலை வாங்கலாமா? வேறு என்னென்ன செய்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நெளிந்த ஸ்பேனர்:

சேஸ் ரிவிட். உளியால் தலையைச் சீவிவிட்டு பஞ்ச்சால் தண்டைத் தட்டினால் வேலை முடிந்தது. கிரைண்டர் போட்டால் பக்கத்துத் தகட்டில் தழும்பு விழும், இதில் விழாது. தண்டு துளைக்குள் இறுகிப் போயிருந்தால் நடுவில் ஒரு துளை போட்டுவிட்டு அடியுங்கள், உள்பக்கமாகச் சுருங்கி இறங்கும்.

மற்றதைப் பழைய பட்டறை அண்ணன் வந்து சொல்வார். அவர் ஏர் ஹேமரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடிக்க மாட்டார்.


பழைய பட்டறை:

நெளிந்த ஸ்பேனர் தம்பி என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

கிரீஸ்கை தம்பி, அந்தப் பெரியவர் பாதிப் பாடத்தை வாயைத் திறக்காமலே சொல்லிக்கொடுத்துவிட்டார். 26 வருடமாக இந்தக் கருவி என்னிடம் இருக்கிறது. முதல் ஐந்து வருடம் நானும் உங்களைப் போல வெட்டுவதற்குத்தான் எடுத்தேன்.

பெயரில் ஹேமர் இருக்கிறதே தவிர, சுத்தியல் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு சம்மட்டி போடும் ஒற்றை அடியை இது எந்தக் காலத்திலும் போடாது. இதன் சரக்கு குலுக்கல். குட்டைக் குழல் வைத்தது நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் போகும். நீளக் குழல் வைத்தது 2,000 சொச்சம்தான் அடிக்கும், ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடும் தூரம் கூடுதல் என்பதால் ஒவ்வொரு அடியும் கனமாக விழும். இழுக்கிற வேலையும் திருப்புகிற வேலையும் வேறு யாராவது செய்ய வேண்டும்: ஸ்பேனர், புல்லர், கடப்பாரை, சில நேரம் அந்தப் பாகத்தின் சொந்த எடையே. அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று குலுக்கிக் கொடுப்பதுதான் ஏர் ஹேமரின் வேலை. இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் என் டிராயரிலிருந்து அது வெளியே வந்தது.

போல்ட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரும்பு துருவானால் பருமன் கூடும். மரைக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு ஊதி, ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி நின்றால் போல்ட் முறியும், துரு அப்படியேதான் இருக்கும். ஆனால் துரு நொறுங்கும் சாதி. தலையில் மொட்டைப் பிட்டை (கூர் இல்லாத தட்டை முனைப் பிட்) வைத்துக் குலுக்கினால் உள்ளே மாவாகும். துரு இளக்கும் எண்ணெயை முதலில் விட்டு, அப்புறம் குலுக்கி, மறுபடி எண்ணெய் விட்டால் அது உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரியும். போல்ட் தலையைச் சுற்றி நின்ற எண்ணெய் வளையம் சட்டென்று உள்வாங்கிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் ஸ்பேனரைப் போடுங்கள். இழுப்பது மிதமாக இருக்கட்டும். அடித்துக்கொண்டே இழுக்க வேண்டும், அடித்து முடித்துவிட்டு இழுப்பதில் பாதிப் பலன்தான். கொஞ்சம் கழற்று, கொஞ்சம் முடுக்கு, மறுபடி கழற்று. மரையில் இருக்கும் பொடி வெளியே வர வழி விட வேண்டும் அல்லவா?

நேராக அடித்தும் அசையவில்லை என்றால் தலையின் பக்கவாட்டில் அடிப்பேன். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனை போட்டே காட்டியிருக்கிறார். இறுக்கி வைத்த திருகு குறுக்குவாட்டில் அதிர்ந்தால் யாரும் தொடாமலே கழலும். ரோடு பல மாதம் எடுத்துச் செய்வதை நாம் அரை நிமிடத்தில் செய்யப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மொட்டைப் பிட் கடையில் கிடைக்கும், ஆனால் என்னுடையது உடைந்த உளியிலிருந்து நானே செய்தது. முனையை வெட்டித் தட்டையாகத் தேய்த்து, விளிம்பை லேசாக உருட்டிவிட்டேன். தேய்க்கும்போது தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேயுங்கள். நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பத்து நாளில் முனை காளான் போல விரிந்து, ஓரம் சில்லு சில்லாகத் தெறிக்கும். கருவிக்குள் போகும் தண்டுப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். வெல்டிங் வைக்க வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பெரும்பாலான கருவிகளுக்கு அது 0.401 அங்குலம், அதாவது 10.2 மி.மீ. கனரக வண்டிக்காரர்கள் வைத்திருப்பதில் 0.498. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

உங்கள் கவை விஷயத்துக்கு வருகிறேன். அதை எடுத்துக் கண்காணாத இடத்தில் வையுங்கள். தூக்கிப் போடப் போகும் ஜாயிண்ட்டுக்கு மட்டும்தான் அது. நல்ல ஜாயிண்ட் என்றால் நட்டை முழுதாகக் கழற்றாமல் நான்கு மரை விட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திடீரென்று விடுபட்டு முழங்கையில் இடிக்கும். கடப்பாரையால் சஸ்பென்ஷன் ஆர்மைக் கீழே அழுத்தியபடி, கூம்புத் தண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் மொட்டைப் பிட்டை வையுங்கள். தண்டின் நுனியில் அடிக்கக் கூடாது. கண் அதிர்ந்து ஒரு நொடி முட்டை வடிவாகும்போது கூம்பு பிடியை விட்டுவிடும். ரப்பருக்குக் கீறல் கூட விழாது. நக்கிள், அதாவது அந்தக் கண் இருக்கும் சக்கரத் தாங்கி, அலுமினியமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவ கிராஸைக் கழற்றுவது எனக்குப் பிடித்த வேலை. சர்க்ளிப் வளையத்தை எடுத்துவிட்டு எல்லோரும் கிராஸின் நுனியை மூடியிருக்கும் பேரிங் கப்பைப் போட்டு அடிப்பார்கள். நான் கப்பைத் தொடவே மாட்டேன், பக்கத்தில் இருக்கும் யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டையின்) காதில் அடிப்பேன். யோக் கீழே இறங்கும், உள்ளே இருக்கும் கிராஸ் தன் கனத்தால் அங்கேயே நிற்கும், கப் தானாக மேலே எழும்பி வரும். புற்றிலிருந்து ஈசல் தலையை நீட்டுவது போல மெதுவாக எட்டிப் பார்க்கும். பையன்களுக்கு முதல் முறை காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அலுமினிய ஷாஃப்ட்டுக்கு இதுவும் ஆகாது.

வீல் ஹப் நக்கிளில் துருவேறிப் பிடித்துக்கொண்டால், பின்பக்க போல்ட்டுகளை ஏழெட்டுச் சுற்று தளர்த்திவிட்டு, அவற்றின் தலையில் மாற்றி மாற்றி அடிப்பேன். அந்த போல்ட்டுகள் போனால் போகட்டும் என்று பழையதை அதற்கென்றே மாட்டிக்கொள்வேன். ஏ.பி.எஸ். சென்சாரை முதலில் கழற்றி ஓரமாக வைக்காமல் ஆரம்பித்துவிடாதீர்கள். பிரேக் டிஸ்க் ஒட்டிக்கொண்டால் நடுத் தொப்பியில், ஸ்டட்டுகளுக்கு இடையில் அடிக்க வேண்டும். பேட் உரசும் முகத்தில் அடித்தால் அந்த டிஸ்க் மறுபடி மாட்ட லாயக்கில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையில் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வந்தது. ஏர் ஹேமரைக் கழற்றுவதற்கு அல்ல, கண்டுபிடிப்பதற்கு எடுங்கள்.

ஒரு கார் வந்தது. மேடு பள்ளத்தில் ஏறினால் முன்பக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். லிஃப்ட்டில் ஏற்றி ஆட்டினால் வராது. ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினோம், சத்தம் இருந்தது. ஸ்டிரட் மவுண்ட் மாற்றினோம், அப்போதும் இருந்தது. மூன்றாம் தடவை வண்டி வந்தபோது சொந்தக்காரர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சாவியை எடுத்து, பேட்டரி வயரையும் கழற்றி வைத்தேன். ஏர்பேக் சென்சார்கள் அதிர்ச்சியை உணர்ந்து வேலை செய்பவை, மின்சாரம் இருக்கும்போது அவற்றின் பக்கத்தில் குலுக்குவது வினையை விலைக்கு வாங்குவது. ரெகுலேட்டரை 40 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, லோயர் ஆர்மின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் மொட்டைப் பிட்டால் விட்டு விட்டு அடித்தேன். பையன் கார் உள்ளே உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனான். டிரிகரை விடும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், அடிக்கும்போது எதுவும் கேட்காது. அடி நின்ற மறுகணம் தளர்ந்த பொருள் ஒரு தடவை துள்ளி அடங்கும். அந்த ஒரு ‘டிக்’தான் வேண்டும்.

நாலாவது இடத்தில் மாட்டியது. சப்ஃபிரேமின் மேல்பக்கக் குழியில், கீழிருந்து யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு 10 மி.மீ. சாக்கெட் உருண்டுகொண்டிருந்தது. இதற்கு முன் வேலை பார்த்தவனைத் திட்டிக்கொண்டே வெளியே எடுத்தேன். சாக்கெட்டின் அடியில் சிவப்பு பெயிண்ட் புள்ளி. என் செட்டுக்கு நான் வைக்கும் அடையாளம். எட்டு மாதத்துக்கு முன்னால் அதே காரில் நான்தான் ஸ்டியரிங் ராக் இறக்கி ஏற்றியிருந்தேன். லிங்குக்கும் மவுண்ட்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், சாக்கெட் கிடைத்த இடத்தையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், அதுதான் இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தகடு, உடைந்த ஸ்பாட் வெல்டிங், டேஷ்போர்டுக்குப் பின்னால் கழன்று தொங்கும் கிளிப் எல்லாம் இந்த முறையில் சிக்கும்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன், பட்டறை திறக்க நேரமாகிவிட்டது.


தகரக்காரன்:

பழைய பட்டறை அண்ணன் கழற்றுவதிலேயே நிற்கிறார். நான் டிங்கரிங் ஆள், எனக்கு இது செய்வதற்கான கருவி.

படுக்க வைத்த ‘ப’ வடிவத்தில் கனமான இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் செய்துகொள்ளுங்கள். மேல் கையில் ஏர் ஹேமரைக் கீழ் நோக்கிப் பூட்டி, அதில் தட்டை முகம் கொண்ட பிட் மாட்டுங்கள். கீழ் கையில் நேர் எதிரே உருண்டை முகம் கொண்ட பட்டடை. காற்று வால்வைக் காலால் அமுக்கும்படி வைத்தால் இரண்டு கையும் தகட்டைப் பிடிக்கச் சும்மா இருக்கும். காற்றைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு, நசுங்கிய ஃபெண்டர் தகட்டை நடுவில் நகர்த்திக்கொண்டே போனால் சுத்தியல் தழும்பெல்லாம் அமுங்கிச் சமமாகிவிடும். கையால் ஒரு மணி நேரம் தட்டுவது இதில் பத்து நிமிடம். தகட்டை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், அந்த இடம் நீண்டு குமிழ் போட்டுவிடும்.

அந்த நீளுகிற குணம் சில இடத்தில் வரப்பிரசாதம். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் ஆறும்போது தையல் சுருங்கி, சுற்றியுள்ள தகட்டை உள்ளே இழுக்கும். வெல்டை தேய்த்துச் சமமாக்கிவிட்டு, அந்தக் கோட்டில் மட்டும் இந்தச் சட்டத்தில் ஓட்டினால் சுருங்கியது நீண்டு தகடு பழையபடி படியும்.

வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கும் இதை எடுப்பேன். நிக்கல் ராடில் 25 மி.மீ. நீளத்துக்கு மேல் ஒரே மூச்சில் வைக்க மாட்டேன். வைத்த சூட்டோடு, உருண்டை முனைப் பிட்டால் டிரிகரைத் தொட்டும் தொடாமலும் வெல்டின் மேல் தட்டிக்கொண்டே போவேன். ஆறும்போது சுருங்கி விரிசல் விடாமல் இருக்க அதுதான் வழி. கை வைக்கும் அளவு ஆறிய பிறகுதான் அடுத்த 25. பொறுமை இல்லாதவர்கள் வார்ப்பிரும்பைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு தகவல். 1894-இல் காற்றுச் சுத்தியல் ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சார்லஸ் பிராடி கிங் என்பவர்தான், 1896 மார்ச்சில் டெட்ராய்ட் தெருவில் முதன்முதலாக பெட்ரோல் காரை ஓட்டியவர். அதனால் காரும் ஏர் ஹேமரும் நமக்கு முன்னாலேயே உறவுக்காரர்கள்.


கிரீஸ்கை:

அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. இன்றைக்குக் காலையில் பழைய பஞ்ச்சை வெட்டி மொட்டைப் பிட் செய்துவிட்டேன், தண்ணீரில் தோய்த்துத்தான் தேய்த்தேன்.

இரண்டு சந்தேகம். அச்சில் மாட்டிக்கொண்ட பேரிங் உள்வளையத்தை இதே மாதிரி அடித்து இறக்கலாமா? அப்புறம், பிட் மாட்டியதும் வேலை செய்கிறதா என்று பார்க்க வெறும் காற்றில் ஒரு அழுத்து அழுத்தினேன், ஸ்பிரிங்கோடு பிட் தெறித்துப் போய் எதிர்ச் சுவரில் மோதியது. கருவியில் கோளாறா?


பழைய பட்டறை:

கருவியில் கோளாறு இல்லை. இனிமேல் வெறும் காற்றில் அழுத்தவே அழுத்தாதீர்கள். பிட் எதன் மேலாவது ஊன்றியிருந்தால்தான் அடியின் வேகம் அதற்குள் போகும். ஊன்றாமல் அழுத்தினால் முழு வேகத்தையும் பிட்டின் கழுத்தும் அந்த ஸ்பிரிங்கும் தாங்க வேண்டும். எனக்கு இது நடந்தபோது உளி ஒரு கண்ணாடி ஜன்னலைத் தாண்டிப் போனது, நல்ல வேளையாக அந்தப் பக்கம் யாரும் இல்லை. முதலில் ஊன்று, அப்புறம் அழுத்து. எடுக்கும்போது முதலில் டிரிகரை விடு, அப்புறம் தூக்கு. பிட் மாற்றும்போது ஹோஸைக் கழற்றிவிடுங்கள். தேன்கூடு மாதிரி இருக்கும் அந்த ஸ்பிரிங் ஒரு தடவை தெறித்துவிட்டால் கம்பி விரிந்திருக்கும், புதிது மாட்டுங்கள்.

பேரிங் வளையத்துக்கு வேண்டவே வேண்டாம். அது முழுக்கக் கடினப்படுத்திய எஃகு, அடித்தால் கண்ணாடி போல உடைந்து சில்லு பறக்கும். புல்லரை மாட்டி இழுத்துக்கொண்டு, அச்சின் நுனியில் பித்தளைத் துண்டு வைத்துக் குலுக்குங்கள், அது வேறு விஷயம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் அடிக்காதீர்கள்.

நேற்று விட்டுப்போன ஒன்று. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன பிலிப்ஸ் திருகுகள் எல்லோரையும் அழ வைக்கும். ஏர் ஹேமரில் மாட்டும் ஸ்குரூ பிட் ஒன்று வரும், தண்டில் ஸ்பேனர் பிடிக்க அறுகோணம் இருக்கும். ஹேமர் பிட்டைத் திருகுக்குள் அழுத்தி வைத்துக் குலுக்கும், நீங்கள் ஸ்பேனரால் திருப்புவீர்கள். பிட் எளிதில் வழுக்கி வெளியே வராது. எனக்குத் தெரிந்து இந்தக் கருவிக்கு வாங்க வேண்டிய ஒரே துணைப் பொருள் இதுதான்.

பிரேக் பிளீட் செய்யும்போது, அதாவது பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, காற்று முழுதாக வரவில்லை என்றால், காலிப்பர் மேல் ரப்பர் துண்டு வைத்து மிகக் குறைந்த காற்றில் ஒரு தட்டு. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ் விட்டு மேலே ஏறும். சாண்ட் பிளாஸ்ட் தொட்டியில் மணல் பாலம் கட்டிக்கொண்டு இறங்காமல் நின்றாலும் வெளிப்பக்கத்தில் ஒரு குலுக்கல் போதும்.


காதில் பஞ்சு:

எல்லோரும் அதன் பெருமையைச் சொல்கிறீர்கள். என் கையைப் பற்றி நான் சொல்கிறேன்.

குளிர்ந்த காலையில் என் வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் மெழுகு மாதிரி வெளுத்துவிடும். இருபது நிமிடம் உணர்ச்சியே இருக்காது, அப்புறம் ஊசி குத்துவது போல எரிந்துகொண்டு ரத்தம் திரும்பும். சட்டை பட்டன் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பல வருடம் நாள் முழுக்க சேஸில் ரிவிட் வெட்டியதற்குக் கிடைத்தது இது. புது நோயும் அல்ல. 1918-லேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்று உளி பிடிக்கும் கல்தச்சர்களிடம் இதே வெளுப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஐரோப்பாவில் 2002-இல் வந்த விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டால் கை அதிர்வு 2.5 மீ/செ² வந்ததுமே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. கருவியின் அதிர்வு 10 மீ/செ² என்று வைத்தால், அரை மணி நேரத்தில் முதல் எல்லை வந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது. டிரிகர் அமுங்கியிருக்கும் நேரம் மட்டும்தான் இந்தக் கணக்கு. பழைய பட்டறை அண்ணன் சொல்கிறபடி பத்து நொடி, இருபது நொடி என்று எடுத்தால் பயமில்லை. உளியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஏர் ஹேமர் தகட்டில் விழும் சத்தம் அதற்குக் கீழே இருக்காது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பஞ்சு போதாது என்று தெரிந்துதான் இப்போது இயர்மஃப் போடுகிறேன். கண்ணாடியும் போடுங்கள்.


பழைய பட்டறை:

அண்ணன் சொன்னதை வெட்டி என் சுவரில் ஒட்டப் போகிறேன். என் பையன்களுக்கு இயர்மஃப் வாங்கி வைத்திருக்கிறேன், அதை ஆணியில் மாட்டி அழகு பார்க்கிறார்கள்.


கிரீஸ்கை:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த ஸ்குரூ பிட் வாங்கிவிட்டேன். நேற்று ஒரு பின்பக்க டிஸ்க், மூன்று திருகு. முதல் இரண்டும் பிட்டை வைத்துப் பத்து நொடிக்குள் கழன்றுவிட்டன. பையனுக்கு ஒரே குஷி, மூன்றாவதை நான் எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். திருகின் தலை முழுக்க வழித்துக்கொண்டு போய்விட்டது. டிரில் போட்டுத்தான் எடுத்தோம்.


பழைய பட்டறை:

முதல் இரண்டுக்கும் எண்ணெய் விட்டீர்களா?


கிரீஸ்கை:

விட்டேன் அண்ணே.


பழைய பட்டறை:

மூன்றாவதுக்கு?


கிரீஸ்கை:

அவனிடம் கேட்டேன். தலையைச் சொறிகிறான்.